பக்கத்து வீட்டு நாய்களின் குரைப்பு: நாம் செய்யும் தவறுகள்

இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கினால் அன்றைய தூக்கம் அவ்வளவுதான். குரைப்பு நின்ற பிறகும் அடுத்தது எப்போது வருமோ என்று காது காத்துக்கொண்டே இருக்கும். மின்விசிறி ஓடுவது போல ஒரே சீராக வரும் சத்தத்துக்கு நாம் பழகிவிடுகிறோம். விட்டு விட்டு வரும் சத்தத்துக்கு அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. படுக்கையறைக்குள் திடீரென எழும் சத்தம் 45 டெசிபலைத் தாண்டினால் தூக்கம் கெடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1999-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. 2012-இல் ஆஸ்திரேலியாவில் சார்லி என்ற கோல்டன் ரெட்ரீவர் 113.1 டெசிபல் அளவுக்குக் குரைத்து கின்னஸ் பதிவில் இடம்பிடித்தது. சாதாரண நாய் அந்த அளவுக்குப் போகாது என்றாலும், ஜன்னல் திறந்திருந்தால் அதன் குரைப்பே 45-ஐ எளிதாகத் தாண்டும். ஆகவே "இதுக்குப் போய் இவ்வளவு எரிச்சலா?" என்று யாராவது கேட்டால் மனம் தளர வேண்டாம். உங்கள் சிரமம் உண்மையானது.

ஆனால் அந்தச் சிரமத்தில் நாம் செய்யும் பல காரியங்கள் குரைப்பை இன்னும் கூட்டிவிடுகின்றன. பெரும்பாலும் நம் கவனம் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. நாயின் நிலையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மணிக்கணக்கில் ஓயாமல் குரைக்கும் நாய்க்கு ஏதோ ஒன்று குறைகிறது. அது என்னவென்று தெரியாமல் எடுக்கும் எந்த முயற்சியும் பாதியில் நிற்கும்.

திருப்பிக் கத்துவது, சுவரைத் தட்டுவது

இந்தத் தவறை நானே மாதக்கணக்கில் செய்திருக்கிறேன். என் பக்கத்து வீட்டில் இரண்டு நாய்கள், பின்பக்கம் சங்கிலியில் கட்டிக் கிடக்கும். குரைக்கத் தொடங்கியதும் ஒரு குச்சியால் சுவரைத் தட்டுவேன். ஒரு நிமிடம் அமைதி, அப்புறம் முன்பைவிட வேகமாகத் தொடங்கும். போகப்போக என் காலடிச் சத்தம் கேட்டாலே குரைக்கும் நிலைக்கு வந்துவிட்டன. நாயின் பக்கமிருந்து யோசித்தால் காரணம் புரியும். நாள் முழுக்கத் தனியாகக் கிடக்கிறது. குரைத்தால் யாரோ ஒருவர் பதிலுக்குச் சத்தம் போடுகிறார். ஒன்று, அது கவனிப்பாகத் தெரியும். இல்லையென்றால் அச்சுறுத்தலாகத் தெரியும். இரண்டில் எதுவானாலும் மறுபடியும் குரைக்கத்தான் தோன்றும்.

தட்டுவதை விட்டுவிட்டு, ஒரு விடுமுறை நாளில் மாடியிலிருந்து பொறுமையாகக் கவனித்தேன். காலையில் வீட்டுக்காரர் தண்ணீர் வைத்துவிட்டுக் கிளம்புகிறார். பத்து மணிக்குள் சங்கிலி இழுபட்டுக் கிண்ணம் கவிழ்ந்துவிடுகிறது. பதினொரு மணி வாக்கில் வெயில் அந்த இடத்துக்கு வருகிறது. குரைப்பு தொடங்குவதும் அப்போதுதான். அவர் இரவுதான் திரும்புவார். தம் நாய்கள் பகலில் குரைக்கின்றன என்பதே அவருக்குத் தெரியாது.

குரைப்பைக் காது கொடுத்துக் கேட்காமல் இருப்பது

எல்லாக் குரைப்பும் ஒன்றில்லை. ஹங்கேரியின் எட்வொஷ் லொராண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்க்ராட்ஸ் குழுவினர் பல சூழல்களில் பதிவு செய்த குரைப்புகளை மக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாயே வளர்க்காதவர்கள்கூட, இது அந்நியரைப் பார்த்துக் குரைப்பது, இது தனிமையில் குரைப்பது என்று ஓரளவு சரியாகப் பிரித்துச் சொன்னார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வு நமக்கு மிகவும் பயன்படும், ஏனென்றால் இதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

கேட்டைத் தாண்டி யாராவது போகும்போது தடதடவென்று குரைத்து, அவர் போனதும் நின்றால் அது காவல் குரைப்பு. தெரு தெரியாதபடி கேட்டில் ஒரு தகடு அடித்தாலே பாதி குறையும். ஒரே தொனியில், இடைவெளி விட்டு, மணிக்கணக்கில் நீண்டால் பெரும்பாலும் சலிப்பு. நடையும் விளையாட்டும் இல்லாத நாய். வீட்டார் கிளம்பிய சிறிது நேரத்தில் ஊளையும் முனகலுமாகத் தொடங்கினால் தனிமை தாங்காத பதற்றம். இதற்கு அதட்டல் மருந்தாகாது. கால்நடை மருத்துவரோ நல்ல பயிற்சியாளரோ வழி காட்ட வேண்டும். வயதான நாய் காரணமே இல்லாமல் இரவில் குரைத்தால் வலியோ, முதுமையில் வரும் மனக்குழப்பமோ இருக்கலாம்.

பொங்கி வெடிக்கும் நாளில் போய்ப் பேசுவது

ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஏழாவது மாதம் ஓர் இரவு கதவைத் தட்டி, "நாயை அடக்க முடியாதா?" என்று கேட்கிறோம். நமக்கு அது நூறாவது முறை. அவருக்கு அதுதான் முதல் முறை. எதிர்பாராத இடி போல விழுந்ததும் அவர் தற்காப்புக்குப் போய்விடுகிறார். அன்றைக்குப் போகும் உறவைச் சரிசெய்ய வருடங்கள் ஆகும். என்னைக் கேட்டால், மற்ற எல்லாத் தவறையும்விட இதுதான் அதிகம் கெடுக்கிறது.

பகலில், அவர் அவசரத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். குற்றப்பத்திரிகை போலத் தொடங்காமல், அவருக்குத் தெரியாத தகவல் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். "அண்ணா, நீங்க காலைல கிளம்பின கொஞ்ச நேரத்துல தண்ணிக் கிண்ணம் கவுந்துடுது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ரெண்டும் கத்திக்கிட்டே இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, அதான் சொல்லலாம்னு வந்தேன்." நான் சொன்னது ஏறக்குறைய இவ்வளவுதான். அவர் முகம் சுருங்கியது. அதில் கோபம் தெரியவில்லை, வருத்தம்தான் தெரிந்தது. அடுத்த வாரம் கனமான கிண்ணம் வந்தது, கட்டும் இடம் நிழலுக்கு மாறியது. பகல் குரைப்பு வெகுவாகக் குறைந்தது. இரவுக் குரைப்புக்கு இன்னும் இரண்டு முறை பேச வேண்டியிருந்தது, அது வேறு.

பெயர் போடாத கடிதம் எழுதி வாசலில் செருகுவதும், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் போட்டு உடைப்பதும் இதே வகைத் தவறுதான். யார் எழுதியது என்று தெரியாதபோது அவர் எல்லா அண்டை வீட்டாரையும் சந்தேகிப்பார். நாயைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

"எப்பவும் குரைக்குது" என்று சொல்வது

பேச்சு பலிக்கவில்லை, புகார் கொடுக்க வேண்டும் என்ற நிலை வரலாம். அப்போது "எப்பவும்", "ராத்திரி பூரா" போன்ற சொற்கள் எதற்கும் உதவாது. இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு வையுங்கள்: தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், எது தூண்டியது, வீட்டில் ஆள் இருந்தார்களா, உங்கள் வீட்டில் யாருக்கு என்ன பாதிப்பு. குரைக்காத நாளையும் எழுதுங்கள், அப்போதுதான் மற்றவை நம்பப்படும். கைபேசியில் உங்கள் அறையிலிருந்தே சில பதிவுகள் எடுங்கள். கடிகாரம் தெரியும்படி ஒரு காணொளி எடுத்தால் இன்னும் நல்லது. கைபேசிச் செயலி காட்டும் டெசிபல் அளவு தோராயமானது என்பதால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எழுதி முடித்த பிறகு சில சமயம் நமக்கே ஒரு வடிவம் புலப்படும். எல்லாக் குரைப்பும் குறிப்பிட்ட அரை மணி நேரத்தில் அடங்கியிருக்கும்.

இரண்டு புகாரை ஒன்றாகக் குழப்புவது

சத்தத் தொல்லையும் பராமரிப்பின்மையும் அடிக்கடி சேர்ந்தே வந்தாலும், அவற்றைப் பார்க்கும் இடங்கள் பெரும்பாலும் வேறு வேறு. சத்தத்துக்குக் குடியிருப்போர் சங்கம், உள்ளாட்சி அலுவலகம், காவல் நிலையம் என்று உங்கள் பகுதி விதிப்படி போக வேண்டும். நாய் வதைபடுகிறது என்றால் விலங்கு நல அமைப்புக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டினால், இது எங்கள் வேலை இல்லை என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

பராமரிப்பைப் பற்றி எழுதும்போது உணர்ச்சியைக் குறைத்து, கண்ணால் கண்டதை எழுதுங்கள். பிரிட்டனில் பண்ணை விலங்குகளுக்காக 1965-ஆம் ஆண்டு பிராம்பெல் அறிக்கையிலிருந்து உருவாகி, 1979-இல் முழு வடிவம் பெற்ற 'ஐந்து சுதந்திரங்கள்' இதற்கு நல்ல அளவுகோல். பசி தாகம் இல்லாமை, ஒதுங்க வசதியான இடம், வலியும் நோயும் இல்லாமை, இயல்பாக நடமாடும் வாய்ப்பு, பயமும் துயரமும் இல்லாமை. விலா எலும்பு தூரத்திலிருந்தே தெரிகிறதா, கழுத்தில் சங்கிலிப் புண் இருக்கிறதா, மழையில் ஒதுங்க இடம் உண்டா, எத்தனை நாளாக மலம் அள்ளப்படவில்லை என்று ஒவ்வொன்றாக எழுதலாம்.

மலம் விஷயத்தை வெறும் நாற்றம் என்று விட்டுவிடாதீர்கள். நாயின் வயிற்றிலுள்ள உருளைப்புழுவின் முட்டைகள் மலத்தில் வெளியேறிய உடனே தொற்றுவதில்லை. அதற்குச் சில வாரங்கள் தேவை. உடனுக்குடன் அள்ளினால் ஆபத்து அங்கேயே நின்றுவிடும். அள்ளாமல் விட்டால் முட்டைகள் மண்ணில் கலந்து நெடுங்காலம் கிடக்கும், மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்குத் தொற்றும். வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால் அவர் வீட்டுக் குழந்தையை நினைத்தாவது அள்ளுவார்.

எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது, புண்ணில் புழு நெளிகிறது, கடும் வெயிலில் தண்ணீரில்லாமல் கட்டிக் கிடக்கிறது என்றால் குறிப்பேடு, இரண்டு வாரம் எதுவும் வேண்டாம். அன்றைக்கே கூப்பிடுங்கள்.

நல்ல மனதோடு செய்யும் தவறுகள்

பாவம் பார்த்துச் சுவருக்கு மேலாக உணவு போடுவது பலரின் வழக்கம். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த இனிப்புகள் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு துண்டாகி உடைந்து குடலைக் கிழிக்கலாம். பட்டினி கிடந்த நாய்க்கு ஒரேயடியாக நிறையக் கொடுப்பதும் ஆபத்து. போதாததற்கு, குரைத்தால் சோறு வரும் என்றும் அது கற்றுக்கொள்ளும். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்தால் இதே உதவி நல்ல உதவியாகும்.

அனுமதியில்லாமல் உள்ளே போய் நாயை அவிழ்த்துவிடுவதும் கூடாது. சங்கிலியில் கிடந்து பழகிய நாய் பயத்தில் கடிக்கக்கூடும், சாலையில் ஓடி அடிபடக்கூடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரேபீஸ் அறிகுறி தோன்றிய பிறகு உயிர் பிழைப்பது மிக மிக அரிது.

கேளா ஒலிக் கருவிகள் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது சுமார் 45,000 வரை. அந்த இடைவெளியில் ஒலி எழுப்பி நாயை வாயடைக்க வைப்பதாகச் சொல்லி விற்கிறார்கள். சில நாய்கள் சில நாள் அடங்கும், அப்புறம் பழகிவிடும். ஏற்கெனவே பயந்துபோன நாய்க்கு அது இன்னொரு கொடுமை. குரைக்க முடியாதபடி அறுவை சிகிச்சையில் நாயின் குரல் நாண்களை வெட்டிவிடச் சொல்லும் யோசனை இதைவிடக் கொடியது. ஐரோப்பிய கவுன்சிலின் 1987-ஆம் ஆண்டு வளர்ப்புப் பிராணிகள் பாதுகாப்பு உடன்படிக்கை அதைத் தடை செய்கிறது. விஷம் வைப்பது குற்றம், கொலை. அதை யோசிக்கும் அளவுக்குக் கோபம் வந்தால் அன்றைக்கு வேறு ஓர் அறையில் போய்த் தூங்குங்கள்.

நாலு நாளில் முடிவு எதிர்பார்ப்பது

வீட்டுக்காரர் மனம் வைத்து மாற்றத் தொடங்கிய பிறகு ஒரு விசித்திரம் நடக்கும்: குரைப்பு முதலில் கூடும். இத்தனை காலம் குரைத்தால் கதவு திறந்தது, இப்போது திறக்கவில்லை என்றதும் நாய் இன்னும் பலமாகக் குரைத்துப் பார்க்கும். அந்த நேரத்தில் பொறுக்க முடியாமல் கதவைத் திறந்துவிட்டால், அடுத்த முறை அந்த உச்சத்திலிருந்தே தொடங்கும். இதை அவரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, "இந்த ரெண்டு மூணு வாரம் நாங்க பொறுத்துக்கிறோம், நீங்க விடாமச் செய்ங்க" என்று சொல்லிவிடுங்கள். அந்த நாட்களில் படுக்கையை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள், மின்விசிறிச் சத்தத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேட்டை மட்டும் நிறுத்த வேண்டாம். குரைப்பில்லாமல் ஓர் இரவு கழிந்தால், மறுநாள் அவரைப் பார்க்கும்போது அதையும் சொல்லுங்கள்.