மில்ஸ் சட்ட ஒப்பந்தம்: கையெழுத்துப் போடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு 1972-இலிருந்து ஒரு நல்ல வழி இருக்கிறது. சான் டியேகோவைச் சேர்ந்த மாநில செனட்டர் ஜேம்ஸ் மில்ஸின் பெயரால் வழங்கும் சட்டம் அது. வீட்டின் பழைய தோற்றம் கெடாமல் காப்பாற்றுகிறேன் என்று நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டால் சொத்து வரி குறையும். மிச்சமாகும் பணம் வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் நோக்கம். இதை மறப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

வீடு நூறு வருடப் பழையது என்பது மட்டும் போதாது. தேசிய, மாநில அல்லது உள்ளூர் வரலாற்றுப் பட்டியலில் அது இடம்பெற்றிருக்க வேண்டும். எல்லா ஊரும் இந்தத் திட்டத்தில் இல்லை; சேர்வதும் சேராததும் அந்தந்த ஊரின் விருப்பம். முதலில் நகராட்சியில் கேளுங்கள்.

அடுத்தது, எல்லோருக்கும் வரி குறையும் என்ற நம்பிக்கை. ஒப்பந்தம் போட்ட வீட்டைச் சந்தை விலையை வைத்து மட்டும் மதிப்பிட மாட்டார்கள். நீங்களே குடியிருந்தாலும், வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று பார்த்து, செலவைக் கழித்து, மீதியை ஒரு விகிதத்தால் வகுப்பார்கள். வட்டி, இடர், வரி, தேய்மானம் எல்லாம் சேர்ந்தது அந்த விகிதம். உதாரணமாக, செலவு போக ஆண்டுக்கு 44,000 டாலர் நிற்கிறது, விகிதம் 11 சதவீதம் என்றால் மதிப்பு 4 லட்சம் டாலர். அந்த வீட்டை அண்மையில் 12 லட்சத்துக்கு வாங்கியவருக்கு, அடிப்படையான 1 சதவீத வரி 12,000-லிருந்து 4,000 ஆகும். ஆனால் அதே வீட்டை 1985-இல் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கியவர்? 1978-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு என்ற வரிச் சட்டத்தின்படி அவருடைய வரி மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. இன்றும் அது மூன்றேகால் லட்சத்தைச் சுற்றித்தான் இருக்கும். இருப்பதில் குறைந்த மதிப்புக்குத்தான் வரி என்பதால், அவருக்கு ஒரு டாலர்கூட மிச்சமில்லை, கடமைகள் மட்டும் வந்து சேரும்.

ஒப்பந்தம் முதலில் பத்து வருடத்துக்குப் போடப்படுகிறது. ‘பத்து வருடம்தானே’ என்று நினைப்பதும் தவறு. ஒவ்வொரு ஆண்டும் ஒப்பந்தம் தானாக இன்னொரு வருடம் நீளும். வேண்டாம் என்றால், புதுப்பிக்கும் தேதிக்கு 90 நாள் முன்பாவது எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் மீதி வருடங்கள் ஓடித்தான் தீரும், சலுகையும் வருடா வருடம் தேயும். நடுவில் நீங்கள் சொன்ன சொல்லை மீறியதால் நகராட்சி ஒப்பந்தத்தை ரத்து செய்தால் அபராதம் சந்தை மதிப்பில் 12.5 சதவீதம். 12 லட்சம் டாலர் வீட்டுக்கு அது ஒன்றரை லட்சம்!

எனக்கு மிகவும் வலிப்பது ஜன்னல் விஷயம். காற்று புகுகிறது என்று பழைய மர ஜன்னல்களைப் பிடுங்கிவிட்டு வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஜன்னல் மாட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்து ஜன்னலில் இருப்பது பெரும்பாலும் முதிர்ந்த காட்டு மரம். நெருக்கமான வளையங்கள் கொண்டது. உளுத்த பகுதியை மட்டும் வெட்டி ஒட்டலாம், மேலும் கீழும் நகரும் ஜன்னல் சட்டத்தைத் தாங்கும் கயிற்றை மாற்றலாம், இடுக்கை அடைக்கலாம். வினைல் உடைந்தால் முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். செங்கல் சுவரை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வதும் இப்படித்தான்: மேல்தோல் போய்விடும், அப்புறம் தண்ணீர் உள்ளே இறங்கும். வரலாற்றுக் கட்டடங்களுக்கான அமெரிக்க உள்துறைச் செயலரின் தரநிலைகளும் இதையேதான் கேட்கின்றன: மாற்றுவதற்கு முன் பழுது பார். எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் நகராட்சியின் வரலாற்றுப் பாதுகாப்புப் பிரிவிடம் அனுமதி வாங்குங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆய்வுக்கும் வருவார்கள். ரசீதுகளையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒப்பந்தம் உள்ள வீட்டை வாங்குகிறீர்களா? அது ஆளோடு போகாது, வீட்டோடு வரும். முந்தையவர் செய்யாமல் விட்ட கூரை வேலையும் உங்கள் தலையில்தான். சரி, வாங்கலாமா என்றால், தாராளமாக. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒப்பந்த நகலையும் பத்தாண்டு வேலைத் திட்டத்தையும் கேட்டு வாங்கி, எந்தெந்த வேலை முடிந்திருக்கிறது என்று வீட்டைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.