கொல்லையைக் கொத்த எந்த மண்வெட்டி வாங்கலாம்?

காவிரி டெல்டாவில் மண்வெட்டி இல்லாத வீடு குறைவு. மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ கிணற்றடியிலோ ஒன்று சாத்திக் கிடக்கும். கொல்லையில் நாலு பாத்தி போடலாம் என்று புதிதாக இறங்குகிறவர்கள் அதையே தூக்கிக்கொண்டு போய், அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்புளித்து, இதெல்லாம் நமக்கு ஒத்து வராது என்று திரும்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வயலுக்கு வாங்கிய மண்வெட்டி. அண்டை வெட்ட, வரப்பில் சேறு இழுத்துப் பூச, மடை திறந்து அடைக்க என்று அகல இலையும் (மண்ணை வெட்டும் இரும்புத் தகடு) குறைந்த எடையுமாகத் தேர்ந்தெடுத்தது. தண்ணீர் நிற்கும் வயலில் அதை மிஞ்ச ஆளில்லை. காய்ந்த கொல்லையில் அது ஓர் அங்குலம் இறங்கிவிட்டு நின்றுவிடும்.

கொத்துவதற்குத் தனியாக ஒன்று வாங்குங்கள். இலை குறுகலாக, தடிப்பாக, கனமாக இருக்க வேண்டும்.

முதலில் உங்கள் மண்

கடைக்குப் போகும் முன் கொல்லையில் ஒரு பிடி மண்ணை அள்ளி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, விரல்களுக்கு நடுவே நாடாவாக அழுத்திப் பாருங்கள். உடையாமல் இரண்டு அங்குலம் நீண்டால் நல்ல களிமண். மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் பெரும்பாலும் இதுதான். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், ஈரம் பட்டால் ஊதி ஒட்டிக்கொள்ளும். கன மண்வெட்டி இந்த மண்ணுக்குத்தான்.

கொள்ளிடக் கரைப் படுகை மாதிரி வண்டல் என்றால் நடுத்தர எடை போதும். வேதாரண்யம் பக்கத்து மணலுக்குக் கனமே தேவையில்லை. அங்கே அகல இலைதான் மண்ணை அள்ளும், வீட்டில் கிடப்பதையே பயன்படுத்துங்கள். வல்லம் பக்கத்துச் செம்மண்ணில் சரளை கலந்திருந்தால் கடப்பாரை இல்லாமல் வேலை நடக்காது.

இலையும் எடையும்

களிமண் கொல்லைக்கு ஆறு முதல் ஏழு அங்குல அகலம் சரியாக இருக்கும். ஒன்பது, பத்து அங்குல இலையை ஓங்கிப் போட்டால் அதே வேகம் நீளமான விளிம்பில் பரவிப்போகும், மண்ணைப் பிளக்காது. குறுகிய இலையில் அவ்வளவு வேகமும் ஒரே இடத்தில் இறங்கும். கொல்லை முழுக்கப் பின்னிக் கிடக்கும் தென்னை வேரை அறுக்கவும் அதுதான் வசதி.

எடையில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கனம் இலையில் இருக்க வேண்டும், கணையில், அதாவது மரக் கைப்பிடியில், இருக்கக் கூடாது. இலை மட்டும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருந்தால் நல்ல கனம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றரையில் ஆரம்பிப்பது நல்லது என்பது என் கருத்து. கனமான இலையைத் தூக்கும் சிரமம்தான் நம்முடையது, இறங்கும்போது அதன் எடையே வெட்டிவிடும். இலேசான இலையாக இருந்தால் தூக்குவதும் நாம், அமுக்குவதும் நாம். மாலைக்குள் தோள்பட்டை பேசும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

கணை போடாத இலையைக் கேளுங்கள். கணை மாட்டிச் சாயம் பூசி வைத்திருப்பதில் குறை தெரியாது. இலையில் கணை நுழையும் வளையத்துக்குள் ஒரு விரலை விட்டுத் தொங்கவிட்டு, சாவியாலோ இன்னோர் இரும்பாலோ தட்டுங்கள். கணீரென்று ஓசை நீண்டால் சரி. சொத்தென்று அடங்கினால் எங்கேயோ விரிசல் இருக்கலாம், வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

அடுத்து வளையத்தைப் பாருங்கள். இலையும் வளையமும் ஒரே இரும்பில் அடித்ததாக இருந்தால் முதல் தரம். பற்றவைத்தது என்றால் பற்று சுற்றிலும் தொடர்ச்சியாக ஓடியிருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். நாலு புள்ளி வைத்து விட்டிருந்தால் முதல் செங்கல் சில்லிலேயே பிளந்துவிடும். வளையத்தின் அருகே இலை தடிப்பாகவும், விளிம்பை நோக்கி மெலிந்தும் இருக்க வேண்டும். ஒரே தடிமனில் வெட்டி வளைத்த தகடு வேண்டாம்.

கம்பெனி மண்வெட்டியா, பட்டறை மண்வெட்டியா என்று கேட்பீர்கள். டாடா அக்ரிகோ போன்ற கம்பெனி இலைகளில் அளவும் எடையும் ஒரே சீராக இருக்கும், நம்பி வாங்கலாம். ஆனால் உங்கள் ஊரில் கை தேர்ந்த கொல்லர் ஒருவர் இருந்தால் நான் அவரிடம்தான் அனுப்புவேன். லாரி வில்பட்டையில் அடிக்கச் சொல்லலாம், அகலத்தையும் எடையையும் நம் இஷ்டத்துக்குச் சொல்லலாம். தேய்ந்த பிறகு அதே பட்டறையில் காய்ச்சித் தட்டி வாங்கிக்கொள்ளலாம்.

கணை

நாட்டுக் கருவேலம் கிடைத்தால் யோசிக்காதீர்கள். வேம்பும் பரவாயில்லை. மரத்தின் இழை முனையிலிருந்து முனை வரை நேராக ஓட வேண்டும். இழை குறுக்கே ஓடினாலோ நடுவில் கணு இருந்தாலோ அங்கேதான் முறியும். நம் பக்கத்துக் கணைகள் கட்டையாக இருப்பது வழக்கம், குனிந்தே வேலை செய்து பழகியவர்களுக்கு அது ஒத்து வரும். நாற்காலி வேலை பார்க்கிற இடுப்புக்கு நீளக் கணை கேட்டு வாங்குங்கள். இலையைத் தரையில் ஊன்றி நிறுத்தினால் கணையின் நுனி தொப்புளுக்கு வர வேண்டும்.

கணை மாட்டியதும் சமதளத் தரையில் இலையின் விளிம்பை வையுங்கள். இரண்டு மூலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு மூலை தூக்கியிருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் மணிக்கட்டு திருகும். கோணத்தையும் கவனியுங்கள். இலை கணையை நோக்கி அதிகமாக மடங்கியிருந்தால் மண்ணை இழுக்கும். சற்று விரிந்து, செங்கோணத்துக்குக் கொஞ்சம் உள்ளே நின்றால் மண்ணில் இறங்கும். கொத்துவதற்கு விரிந்ததுதான் வேண்டும்.

கோடையில் மரம் சுருங்கிக் கணை ஆடும். இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வைப்பது எல்லா வீட்டிலும் செய்வதுதான், ஆனால் காய்ந்ததும் பழையபடி ஆடும். ஆப்பு வைத்து இறுக்குங்கள். தலை தடித்த கணையை வளையத்தின் மேல் வழியாக இறக்கிப் போட்டால், ஓங்க ஓங்கத் தானாகவே இறுகும். ஆடுகிற மண்வெட்டியை ஒரு வெட்டுக்குக்கூட ஓங்காதீர்கள், இலை கழன்று பறந்தால் எதிரே நிற்பவர் கதி அவ்வளவுதான்.

கூர்

புது மண்வெட்டி மழுங்கலாகத்தான் வரும். அரம் வாங்கி, ஏற்கெனவே இருக்கும் சரிவை ஒட்டியே ஒரு பக்கம் மட்டும் ராவுங்கள். கத்தி மாதிரி தீட்ட வேண்டாம், ஓட்டுச் சில்லு பட்டால் விளிம்பு மடங்கிவிடும்.

முதல் வெட்டு

காய்ந்து வெடித்த களியில் நேராக இறங்காதீர்கள். கோடை மழை ஒன்று பெய்யட்டும், இல்லையேல் தண்ணீர் பாய்ச்சிவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். சப்பையாக ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம் அதிகம். அப்போது கொத்தினால் புரட்டிய கட்டியெல்லாம் காய்ந்து செங்கல்லாகிவிடும். ஆடிப் பட்டத்துக்கு விதைக்க நினைப்பவர்கள் வைகாசியிலேயே கொத்திப் போட்டுவிடுவது நல்லது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்தால், வாய்க்கால் ஓரக் கொல்லைகளில் கொஞ்ச நாளில் கசிவு ஏறிவிடும். அப்புறம் பதம் பார்ப்பதே பெரும்பாடு.

காலில் செருப்பு போதாது, பூட்ஸ் போடுங்கள். கால்களை அகட்டி நில்லுங்கள். இலையைத் தலைக்கு மேல் ஓங்க வேண்டியதில்லை, தோள் உயரம் போதும். அங்கிருந்து விட்டுவிட்டால் அதுவே இறங்கும். ஒரு வெட்டுக்கு இரண்டு மூன்று அங்குலக் கனத்தில் மண்ணைச் சீவுங்கள், ஒரேயடியாகப் பெரிய பாளத்தைப் பெயர்க்கப் பார்க்காதீர்கள். இலையைச் செருகிவிட்டுக் கணையை நெம்பவும் கூடாது. நெம்புவது கடப்பாரையின் வேலை.

2018 நவம்பர் கஜா புயலில் சாய்ந்த தென்னையின் அடிக்கட்டை பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சில கொல்லைகளில் இன்னும் இருக்கக்கூடும். அதன் மேல் மண்வெட்டியைப் போடாதீர்கள். சுற்றி மண்ணை மட்டும் எடுத்துவிட்டு, வேரைக் கோடாலிக்கு விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஒட்டிய களியைக் குச்சியால் வழித்து, கழுவித் துடைத்து, இலையில் கொஞ்சம் எண்ணெய் தடவி நிழலில் மாட்டுங்கள்.