மேடைப் பதிவையும் ஸ்டூடியோப் பதிவையும் ஒரே ஆல்பமாக்குவது எப்படி?

கண்ட்ரி இசையின் சாயலில் தாமே பாட்டெழுதிக் கிட்டாருடன் பாடுபவர், பெசன்ட் நகரில் ஒரு மாலை பாடியதையும் சாலிகிராமத்து ஸ்டூடியோவில் பதிந்ததையும் ஒரே ஆல்பத்தில் சேர்க்க விரும்பினால், எந்தப் பாட்டு எங்கே பதியப்பட வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கதை சொல்லும் பாட்டும், பல்லவியைக் கூட்டமே திருப்பிப் பாடும் பாட்டும் மேடையில்தான் சிறக்கும். தாழ்ந்த குரலில் பாடுவதற்கு ஸ்டூடியோவின் அமைதி வேண்டும்.

மேடையில் மிக்ஸரிலிருந்து வரும் ஸ்டீரியோ ஒலியை மட்டும் நம்பக் கூடாது. சிறிய அரங்கில் டிரம்ஸ் தானாகவே உரக்கக் கேட்பதால், ஸ்பீக்கருக்குக் குறைவாகவே அனுப்புவார்கள். பதிவில் அது காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ட்ராக்காக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். ஸ்டூடியோவிலும் அதே அளவையே வையுங்கள். கூட்டத்தை நோக்கி இரண்டு மைக்குகள் அவசியம். அவை மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளியிருந்தால் மேடையின் ஒலி அவற்றை ஏறத்தாழ 29 மில்லிசெகண்ட் தாமதமாக அடையும் என்பதால், மிக்ஸிங்கின்போது அந்த ட்ராக்குகளை அதே அளவு முன்னே நகர்த்த வேண்டும்.

சென்னையில் இன்னொரு தொல்லை உண்டு. ஏசி அறையில் சுருதி சேர்த்த கிட்டார், கடற்காற்று வீசும் திறந்த மேடைக்கு வந்ததும் சுருதி விலகும். ஆகவே அரைமணி நேரம் முன்பே அதை மேடையில் வைத்துவிட்டுப் பிறகு, ஸ்டூடியோவிலும் பயன்படும் 440 ஹெர்ட்ஸ் என்ற பொது அளவுக்குச் சுருதி சேர்ப்பது நல்லது. இல்லையேல் அடுத்து வரும் ஸ்டூடியோப் பாட்டு காதுக்கு உறுத்தும். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் அங்கேயே டிஐ பாக்ஸில் (கிட்டாரை மிக்ஸருடன் இணைக்கும் சிறு பெட்டி) உள்ள, தரை இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் கொண்டு தீர்த்துவிடுங்கள். அந்த இரைச்சல் 100 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். பின்னால் வடிகட்டப் போனால் கிட்டாரின் கனமும் சேர்ந்தே போய்விடும்.

ஸ்டூடியோவில் மேடையில் வாசித்த அதே கிட்டாரையும் அதே குரல் மைக்கையும் பயன்படுத்தி, பாட்டையும் வாசிப்பையும் ஒரே நேரத்தில் பதியுங்கள். காதில் தாளம் தட்டிக்காட்டும் கிளிக் வேண்டாம், மேடையில் இயல்பாக ஏறி இறங்கிய காலப்பிரமாணத்துக்குப் பக்கத்தில் இயந்திரக் கணக்கு செயற்கையாகத் தெரியும்.

இரண்டும் ஒட்டும் இடம் கைத்தட்டல். அதைச் சட்டென்று வெட்டாமல், நான்கைந்து வினாடிகள் தேயவிட்டு, அடுத்த பாட்டின் முதல் மீட்டலுக்கு அடியில் மறையச் செய்யலாம். ஸ்டூடியோப் பாட்டின் மேல் கைத்தட்டலை ஒட்டுவது எனக்கு உடன்பாடில்லை. 1968இல் அமெரிக்கக் கண்ட்ரி பாடகர் ஜானி கேஷ், கலிஃபோர்னியாவின் ஃபால்சம் சிறையில் பாடிய பதிவில், கொலையைச் சொல்லும் வரிக்குப் பின் எழும் ஆரவாரமே பிறகு சேர்க்கப்பட்டதுதான். ஆனால் அவர் உண்மையிலேயே அந்தக் கைதிகள் முன் நின்று பாடினார்.

ஆல்பத்துக்கு இறுதி வடிவம் தரும் மாஸ்டரிங்கில் எல்லாப் பாட்டிலும் குரலின் உரப்பைக் காதால் கேட்டுச் சமன்படுத்துங்கள். உரப்பை அளக்கும் மீட்டர் கைத்தட்டலையும் சேர்த்தே கணக்கிடும்.