அயல் வீட்டில பசி இருக்கோ எண்டு எப்பிடி கண்டுபிடிக்கிறது, கண்டா என்ன செய்யிறது

வன்னியில நெல் விளையுது, குளத்தில மீன் இருக்கு, பிறகென்ன பசி எண்டு வெளியில இருக்கிற ஆக்கள் கேக்கினம். நெல் விளையிற ஊரிலதான் பசி ஒளிச்சிருக்கும், தேடித்தான் பிடிக்கவேணும். சங்கம், வாசிகசாலை, கோயில் எண்டு ஓடித்திரியிற பெடிபெட்டையளுக்கும் முன்பள்ளி ரீச்சர்மாருக்கும்தான் இதை எழுதுறன்.

முதல்ல காலத்தை பாருங்கோ. ஐப்பசியில இருந்து தை வரைக்கும்தான் சரியான மோசம். வீட்டு நெல் முடிஞ்சிருக்கும், கையில இருந்த காசெல்லாம் காலபோக விதைப்போட வயலுக்க போயிருக்கும், மழைக்கு கூலிவேலை இல்லை, முல்லைத்தீவுப் பக்கம் கடலும் தொழிலுக்கு விடாது. முந்தி அரிவு வெட்டு எண்டா காணி இல்லாத வீட்டுப் பெண்டுகளுக்கும் கூலி கிடைச்சது, இப்ப வெட்டு மிசின் வந்து வயலை ஒரேயடியா முடிச்சிட்டு போகுது. வயல் வைச்சிருக்கிறவையும் தப்பேல்லை, உரக்கடன், நகை அடைவு, கிழமைக்கு கிழமை வாசலில வந்து நிக்கிற மைக்ரோஃபினான்ஸ் கடன் எல்லாம் சேந்து நெரிக்க, ஈரநெல்லை வயல்கரையிலயே யாவாரி சொன்ன விலைக்கு குடுத்திட்டு, பிறகு அதே நெல்லை கடையில அரிசியா கூடின விலைக்கு வாங்கினம். அரசாங்கத்தின்ர நெல் சந்தைப்படுத்தல் சபைக்கு குடுப்பம் எண்டா, முழு விலை கிடைக்க ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல இருக்கக்கூடாது, காயப்போட தளம் இல்லாதவை என்ன செய்யிறது?

1943இல வங்காளத்தில பஞ்சம் வந்ததை ஆராய்ஞ்ச பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னும் இதைத்தான் சொன்னவர், அரிசி இல்லாமல் எண்டதைவிட விலை ஏறேக்க வாங்க வழியில்லாமல்தான் கூலிச்சனமும் மீன்பிடிச்சனமும் செத்துப்போனது. 2006 ஆவணியில சண்டையால வன்னிக்கு வாற ஏ9 ரோட்டு பூட்டுப்பட்டதுக்குப் பிறகு சாமான் விலை என்ன மாதிரி ஏறினது எண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2021இல ரசாயன உரத்துக்கு தடை போட்டு விளைச்சல் விழுந்தது, 2022 புரட்டாதியில கொழும்பு விலைச்சுட்டிக் கணக்குப்படியே சாப்பாட்டு விலை ஒரு வருசத்தில 90 வீதத்துக்கு மேல ஏறியிருந்தது. சண்டை, வறட்சி, கடன், விலை, ஆபிரிக்காவில பாத்தாலும் இதுகள்தான் திரும்பத் திரும்ப வருது.

இனி கண்டுபிடிக்கிற விதம். "சாப்பாட்டுக்கு கஸ்டமோ" எண்டு நேர கேட்டா ஒரு தாயும் ஓம் எண்டு சொல்லமாட்டா. கதையோட கதையா "ராவைக்கு என்ன அக்கா சமைச்சனீங்கள்?" எண்டு கேளுங்கோ. வெறும் சோறும் சம்பலும் எண்டு நாலைஞ்சு நாள் ஒரே பதில் வந்தா, பிள்ளையளுக்கு பின்னேரம் தேத்தண்ணியோட முடிஞ்சுது எண்டா, "நான் பிறகு சாப்பிடுவன்" எண்டு சொல்லுற தாயின்ர பானை கழுவிக் கவிட்டிருந்தா விளங்கிக்கொள்ளுங்கோ. கடைக்கொப்பியில கணக்கு நீண்டுபோறது, ஆட்டை விக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நிக்கிறது, இதுகளையும் கவனியுங்கோ. விதைநெல்லை குத்திச் சமைச்சிட்டினம் எண்டு கேள்விப்பட்டா அண்டைக்கே போகவேணும்.

பிள்ளையை அளந்து பாக்கலாம், தையல் நாடா காணும். ஆறு மாசத்தில இருந்து அஞ்சு வயசுக்குள்ள எண்டா இடதுகையை தளர விட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில, இறுக்காமல் தொய்யாமல் சுத்திப் பாருங்கோ. 12.5 சென்ரிமீற்றருக்கு குறைஞ்சா மிட்வைஃபிட்ட சொல்லவேணும், 11.5க்கு குறைஞ்சா ஆஸ்பத்திரி, நாளைக்கு எண்டு தள்ளாதேங்கோ. ரெண்டு புறங்காலையும் பெருவிரலால மூண்டு செக்கன் அமத்திப் பாருங்கோ, குழி விழுந்து அப்பிடியே நிண்டா கை எவ்வளவு இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். அப்பிடி மெலிஞ்ச பிள்ளைக்கு பாவம் எண்டு ஒரேயடியா வயிறுமுட்ட தீத்தக்கூடாது, உயிருக்கே ஆபத்து, டொக்டர்மார் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டுவினம். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துறன் எண்டா, வயித்தில உண்டானதில இருந்து ரெண்டு வயசு வரைக்கும் உள்ள 1000 நாளில குறைஞ்சுபோற வளர்த்தியையும் மூளையையும் பிறகு முழுக்க மீட்கிறது கஸ்டம். ரத்தசோகை பிடிச்ச தாய்க்கு நிறை குறைஞ்ச பிள்ளை பிறக்கிறதும் கூட.

உதவி செய்யேக்க போட்டோ எடுக்காதேங்கோ, தயவுசெய்து. கடைக்கொப்பிக் கணக்கை சத்தமில்லாமல் கட்டிவிடலாம், ஏதும் வேலை குடுத்து கூலியை முன்னுக்கே குடுக்கலாம். அரிசி மட்டும் குடுத்தா வயிறு நிரம்பும், சத்து வராது. பருப்பு, முட்டை, நெத்தலிக் கருவாடு, பயறு, கஞ்சிக்கு விட கொஞ்சம் தேங்காயெண்ணெய், இதுகளை சேருங்கோ. முருங்கை இலையும் பொன்னாங்காணியும் வேலிக்கரையில கிடக்குது. சாப்பிட்ட உடன தேத்தண்ணி குடிக்கவேண்டாம் எண்டும் சொல்லுங்கோ, இரும்புச்சத்தை உடம்பில சேரவிடாது. நிறை குறைஞ்ச பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டுற தாய்க்கும் திரிபோஷா எண்ட சத்துமா கிளினிக்கில குடுக்கிறது, கேட்டு எடுக்கவேணும். அரசாங்க உதவிப்பணமான அஸ்வெசும பட்டியலில பேர் இல்லையெண்டா ஜி.எஸ்ஸிட்டயும் (கிராம சேவையாளர்) பிரதேச செயலகத்திலயும் எழுத்தில குடுங்கோ, கடிதத்தின்ர கொப்பி ஒண்டை கையில வைச்சிருங்கோ, எழுதத் தெரியாத அம்மாவோட நீங்களே கூடப் போங்கோ.

அடுத்த வருசத்துக்கான வேலை மாசி அறுவடையில தொடங்கவேணும். அஞ்சு பேர் உள்ள வீட்டுக்கு மாசம் 45 கிலோ அரிசி எண்டு வையுங்கோ, குத்தினா நெல்லில மூண்டில ரெண்டு பங்குதான் அரிசியா வரும், அப்ப மாசத்துக்கு கிட்டத்தட்ட மூண்டேகால் புசல் நெல் (ஒரு புசல் கிட்டத்தட்ட 21 கிலோ). ஐப்பசி தொடக்கம் தை மட்டும் நாலு மாசத்துக்கு 13 புசல். யாவாரி லொறியை கொண்டுவர முதலே அதை எடுத்து வடிவா காயவைச்சு, நிலம் முட்டாமல் பலகையில அடுக்கிப்போடுங்கோ. வீட்டில இடமில்லாதவைக்கு சங்கக் கட்டிடத்தில ஒரு அறையை ஒதுக்கி, ஆர் எத்தினை மூட்டை வைச்சவை எண்டு கொப்பியில எழுதி, திறப்பை ரெண்டு வீட்டுக்காரரிட்ட குடுத்து வையுங்கோ.