பழைய வேன் முன்கண்ணாடிக்கு ரப்பர் மாற்ற ஒரு நைலான் கயிறு போதும்

பழைய ஆம்னி போன்ற வேன்களில் முன்கண்ணாடி ரப்பரை மாற்றும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். புது ரப்பரை முதலில் கண்ணாடியில் மாட்டிவிட்டு, பாடித் தகடு உட்காரும் பள்ளத்தில் 4 மி.மீ. நைலான் கயிற்றைச் சுற்றிலும் திணியுங்கள். இரு முனைகளும் கீழே நடுவில் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வண்டிக்கு உள்பக்கம் தொங்கட்டும். சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து வண்டியின் திறப்பில் வைத்து, வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும்.

கயிறு வர வர ரப்பரின் உதடு தகட்டைத் தாண்டித் தானாக விழும். ஸ்க்ரூ டிரைவர் என்றால் ஒரே புள்ளியில் அழுத்தம்: ரப்பர் கிழியும், கண்ணாடி ஓரத்தில் விரிசல் விடும். மூலைகளில் அவசரமே கூடாது. சோப்புக்குப் பதில் கிரீஸ், எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

பசையால் ஒட்டிய கண்ணாடிக்கு இது ஆகாது. தகட்டு விளிம்பு துருப்பிடித்து அரித்திருந்தால் புது ரப்பர் போட்டும் தண்ணீர் ஒழுகும். முதலில் டிங்கரிங், பெயின்ட்.