அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

பென்னாகரம், அரூர், அஞ்செட்டிப் பக்கம் பத்தாவதோடு நின்ற பிள்ளைகளை ஓசூர் கம்பெனிகளுக்கு அழைத்துப்போக ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள். "டிரெய்னிங்" என்பார்கள், போனால் காண்டிராக்ட் வேலை. முறையான அப்ரண்டிஸ் பயிற்சி, அதாவது உதவித்தொகையோடு நிறுவனத்திலேயே தொழில் பழகுவது, 1961 தொழிற்பழகுநர் சட்டப்படி பதிவாகும். முடிவில் தேர்வும் தேசியச் சான்றிதழும் உண்டு. அதற்கு நல்ல வழி அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்).

எட்டாவது தேறியவர் வெல்டர் (ஓராண்டு) அல்லது வயர்மேன் (இரண்டாண்டு) பிரிவில் சேரலாம். ஃபிட்டர், எலக்ட்ரீசியனுக்குப் பத்தாவது தேற வேண்டும். இரண்டும் இரண்டாண்டுப் படிப்பு. வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால் வெல்டரே மேல். அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சீருடை கிடைக்கும். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

சேர்க்கையைக் கெடுப்பது பெரும்பாலும் காகிதம்தான். பெயர் டிசியில் ஒரு எழுத்தில், ஆதாரில் வேறு எழுத்தில் இருக்கும். பிறந்த தேதியும் மாறியிருக்கும். ஏப்ரலிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தருவார். விசாரணைக்கு நாளாகும் என்பதால் சித்தேரி, வத்தல்மலைப் பிள்ளைகளுக்கு அதை முதலில் தொடங்குங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் நேராகக் கணக்குக்கு வரும் நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கும் அந்தக் கணக்கே இணைந்திருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். இல்லையென்றால் பணம் பழைய கணக்குக்குப் போகும், அல்லது திரும்பிவிடும்.

ஐடிஐ முடித்ததும் மத்திய அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவு செய்துகொண்டு, ஐடிஐயில் நடக்கும் சேர்க்கை முகாமுக்குப் போகலாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள். போர்ட்டல் ஒப்பந்த எண் இருக்கிறதா? டிரேடு (தொழிற்பிரிவு), ஐடிஐயில் படித்த டிரேடுதானா? உதவித்தொகை எவ்வளவு? 2019 விதிகளின்படி ஐடிஐ முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஒப்பந்த எண்ணைத் தராமல் "அப்புறம் வரும்" என்றால், அது அப்ரண்டிஸ் பயிற்சி அல்ல. யார் சிபாரிசு செய்தாலும் சேர்க்காதீர்கள்.

ஓசூரில் பயிற்சியைப் பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் வேலை பிடிக்காமல் விடுவதில்லை, ரூம் அட்வான்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் கையில் காசில்லாமல்தான் விடுகிறார்கள். முதல் தொகை மாதம் முடிந்த பிறகே வரும். இரண்டு மாதச் செலவைக் கையில் கொடுத்தனுப்புங்கள். பஞ்சாயத்தோ ஊர் மகளிர் குழுவோ கடனாகத் தந்தாலும் சரி.

தினமும் என்ன மெஷினில், யாரிடம், என்ன செய்தோம் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் மாதம் அதைப் புரட்டுங்கள். ஃபிட்டர் பிள்ளையின் நோட்டில் "பெட்டி அடுக்கினோம், லோடு ஏற்றினோம்" என்றே பக்கம் பக்கமாக இருந்தால், அந்த நோட்டையும் ஒப்பந்த நகலையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பும் நிறுவனத்துக்குச் சட்டப்படி உண்டு.

பயிற்சியை விட்டுவிடுவதாக முடிவெடுத்தாலும் சொல்லாமல் ஊருக்கு வந்துவிடக் கூடாது. போர்ட்டலில் ஒப்பந்தத்தை முறைப்படி முடிக்காவிட்டால் அது நடப்பிலேயே கிடக்கும், அடுத்த கம்பெனி புது ஒப்பந்தம் போட முடியாது.