முடக்கு வாதமா? கை எக்ஸ்ரேயில் எங்கே பார்க்க வேண்டும்

முடக்கு வாதத்துக்காக எடுத்த கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தால் எல்லார் கண்ணும் முதலில் விரல் நுனிக்குத்தான் போகும். அதை விடுங்கள். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டை இந்த நோய் பெரும்பாலும் தொடுவதில்லை. அங்கே எலும்பு புடைத்துத் தெரிந்தால் வயதோடு வரும் தேய்மானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் அடி மூட்டுகள், விரல்களின் நடு மூட்டுகள், மணிக்கட்டு, இந்த மூன்றையும் பாருங்கள்.

நான் படம் எடுக்கும் டெக்னீஷியன். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் வேலை. ஆனால் படத்தைப் பார்க்கத் தெரிந்த நோயாளி டாக்டரிடம் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

மூட்டில் இரண்டு எலும்புக்கும் நடுவே கறுப்பாகத் தெரிவது வெறும் இடம் இல்லை. அங்கே குருத்தெலும்பு இருக்கிறது, எக்ஸ்ரேயில் விழாது, அவ்வளவுதான். முடக்கு வாதத்தில் அந்த இடைவெளி முழு அகலத்துக்கும் ஒரே சீராகக் குறுகும். தேய்மானத்தில் ஒரு பக்கம் அதிகமாகக் குறுகும், ஓரத்தில் எலும்பு முளைத்திருக்கும்.

அடுத்து ஆள்காட்டி விரலின் அடி மூட்டுக்கு வாருங்கள். உள்ளங்கை எலும்பின் உருண்ட தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். அதைக் கட்டைவிரல் பக்கமாகப் பின்தொடருங்கள். தலை முடிந்து எலும்பு ஒடுங்கும் இடத்தில் குருத்தெலும்பு மூடாத சின்னப் பகுதி ஒன்று உண்டு. வீங்கிய மூட்டுச் சவ்வு அங்கேதான் எலும்பை நேரடியாக அரிக்கிறது. முதலில் கோடு மங்கும், அப்புறம் அறுபடும், அப்புறம் பள்ளம் விழும். நடுவிரலிலும் அதே இடம். மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு நுனியையும் விடாதீர்கள்.

நேராக எடுத்த படத்தில் இந்த அரிப்பு ஒளிந்துகொள்வதுண்டு. அதனால்தான் இரண்டு கையையும் பந்து பிடிக்கிற மாதிரி 45 டிகிரி திருப்பி வைக்கச் சொல்கிறோம். டென்மார்க் நாட்டு ரேடியாலஜிஸ்ட் நோர்கார்ட் 1965-இல் எழுதிய முறை இது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் வலித்தாலும் ஆடாமல் வையுங்கள். கை வலிக்குக் காலை ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. கால் சுண்டுவிரலின் அடி மூட்டில் சிலருக்குக் கையைவிட முன்னதாகவே அரிப்பு தெரிந்துவிடும்.

ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று இருந்தால்? நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஆரம்ப மாதங்களில் சதை வீக்கமும், மூட்டை ஒட்டிய எலும்பு அடர்த்தி குறைந்து லேசாக மங்கித் தெரிவதும் தவிர எக்ஸ்ரேயில் ஒன்றும் இருக்காது, சில நேரம் அதுவும் இருக்காது. சவ்வின் வீக்கத்தையும் அதில் கூடியிருக்கும் ரத்த ஓட்டத்தையும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் காட்டும். எலும்புக்குள் நீர் கோத்திருப்பதை, அரிப்பு வரும் முன்பே, எம்.ஆர்.ஐ. காட்டும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே என்று மருந்தை நிறுத்திவிட்டு, பள்ளம் விழுந்த பிறகு திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை. விழுந்த பள்ளம் மறுபடி நிரம்புவது அபூர்வம்.

பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதே மூட்டைப் புதிய படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அரிப்பு நின்றிருக்கிறதா, கூடுகிறதா என்று தெரியும்.

பல வருடமாக நோய் இருப்பவர்கள் கழுத்தையும் மறக்கக் கூடாது. குனிந்த நிலையில் எடுக்கும் பக்கவாட்டுப் படத்தில், கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே முன்பக்கத்தில் உள்ள இடைவெளி பெரியவர்களுக்கு 3 மி.மீ.க்கு மேல் போனால் எலும்பு நழுவுகிறது என்று சந்தேகிப்பார்கள். அந்தப் படத்துக்கு நீங்களாக முடிந்த அளவு மட்டும் குனியுங்கள், யாரும் தலையைப் பிடித்து அழுத்த விடாதீர்கள். எந்த ஆபரேஷனாக இருந்தாலும், முடக்கு வாதம் இருப்பதை மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொண்டையில் குழாய் போடும்போது அவர் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும்.